வயதைக் கூட்டி வாங்கிய பங்குகள்

2015-ல் என்னிடம் ஒரு எக்செல் ஷீட் இருந்தது. இடது ஓரத்தில் பிறந்த வருஷம், மேலே வயது, கட்டங்களுக்குள் அந்த வருஷத்தில் பிறந்தவர்கள் அந்த வயதைத் தொடும் ஆண்டு, பக்கத்திலேயே தோராயமான தலைக்கணக்கு. மொத்த ஷீட்டும் இவ்வளவுதான், கூட்டலைத் தவிர வேறு கணக்கே கிடையாது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கிறக்கம் வரும். வட்டி விகிதம் அடுத்த வருஷம் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, கச்சா எண்ணெய் விலை தெரியாது, அடுத்த காலாண்டு லாபம் அந்தக் கம்பெனியின் சிஇஓ-வுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் இன்றைக்கு அறுபது வயதில் இருப்பவர், உயிரோடு இருந்தால், பத்து வருஷம் கழித்து எழுபது வயதில்தான் இருப்பார். சந்தையில் இதைவிட உறுதியான கணிப்பு எங்கே கிடைக்கும்?

அந்த மயக்கத்தில் நான் முதலில் வாங்கியது அமெரிக்காவில் முதியோர் குடியிருப்புகள் நடத்தும் ஒரு கம்பெனியின் பங்கு. பெயர் வேண்டாம். காரணம் எளிது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946-ல் தொடங்கி 1964 வரை அங்கே ஏறக்குறைய 7.6 கோடிக் குழந்தைகள் பிறந்தன. பேபி பூமர்கள் என்கிறார்களே, அவர்கள்தான். 2011-ல் அவர்களில் மூத்தவர்களுக்கு 65 ஆனது. அதற்குப் பிறகு தினமும் பத்தாயிரம் பேர் 65-ஐக் கடக்கிறார்கள் என்ற வரி இல்லாத முதலீட்டு அறிக்கையை நான் அந்தக் காலத்தில் பார்த்ததே இல்லை. பத்தாயிரம் பேர், தினமும்! வாங்கினேன், விழுந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் வாங்கினேன், இன்னும் விழுந்தது. மூன்று வருஷத்தில் போட்ட பணத்தில் கால்வாசிதான் மிச்சம் என்ற நிலையில் விற்றுவிட்டு வெளியே வந்தேன்.

முதியவர்கள் வராமல் போய்விட்டார்களா என்றால், இல்லை. ஷீட்டில் போட்டிருந்தபடி வருஷா வருஷம் தவறாமல் அவர்களுக்கு வயதாகிக்கொண்டுதான் இருந்தது. தப்பு வேறு இடத்தில். முதல் தப்பு படு முட்டாள்தனமானது, ஓய்வு வயது 65 என்பதால் முதியோர் என்றால் 65 என்று நானாக முடிவு செய்துவிட்டேன். 65 வயதுக்காரர் மலையேறுகிறார், கப்பல் பயணம் போகிறார், இரண்டாவது கார் வாங்குகிறார், வாடகைக்கு ஒரு அறை எடுத்து நர்ஸ் உதவியோடு வாழ்வது அவர் யோசனையிலேயே இல்லை. இந்தக் குடியிருப்புகளுக்கு ஆட்கள் வந்து சேருவது பெரும்பாலும் எண்பதைத் தாண்டித்தான். 2015-ல் மூத்த பூமருக்கே 69 வயது. பந்திக்கு முந்து என்பார்கள், நான் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது தப்பைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. அந்த ஷீட் என்னிடம் மட்டும் இல்லை. கட்டடம் கட்டுபவரிடம் இருந்தது, அவருக்குக் கடன் கொடுத்த வங்கியிடம் இருந்தது, நிலம் விற்றவரிடமும் இருந்தது. வட்டியும் மலிவாக இருந்த காலம், எல்லோரும் சேர்ந்து கட்டித் தள்ளினார்கள். ஆட்கள் வருவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே அறைகள் வந்துவிட்டன, அறைகள் காலியாகக் கிடந்தன, வாடகையை உயர்த்த வழியில்லை, சம்பளச் செலவு மட்டும் ஏறியது. தேவை எவ்வளவு உறுதியாகத் தெரிகிறதோ, அவ்வளவு உறுதியாகப் போட்டியும் வந்து சேரும். மக்கள்தொகையை வைத்துப் பங்கு பொறுக்கும் யாரும் இந்தப் பக்கத்தை ஷீட்டில் போடுவதில்லை, ஏனென்றால் பிறப்புப் பதிவேடு போல இதற்கு ஒரு பதிவேடு கிடையாது.

சரி, நான் ஒரு சாதாரண ஆள், என் தப்பு என்னோடு. இதையே முழுநேரத் தொழிலாகச் செய்தவர்களின் கதையும் அவ்வளவு அழகாக இல்லை.

ஹாரி டென்ட் என்ற அமெரிக்கர் 1990-களில் இந்தக் கணக்கைப் பிரபலமாக்கினார். ஒரு குடும்பம் அதிகம் செலவு செய்வது குடும்பத்தலைவரின் நாற்பதுகளின் நடுவில், அதனால் பிறப்பு வரைபடத்தை 46 வருஷம் போல முன்னால் தள்ளி வைத்தால் பொருளாதாரத்தின் வரைபடம் கிடைத்துவிடும் என்பது அவர் வாதம். 1990-களில் சந்தை ஏறியது, வாதமும் ஏறியது. இதை அடிப்படையாக வைத்து 1999-ல் ஒரு மியூச்சுவல் ஃபண்டே தொடங்கினார்கள். அடுத்த வருஷம் தொழில்நுட்பப் பங்குகள் சரிந்ததில் அது பலமாக அடிபட்டு, 2005-ல் இன்னொரு ஃபண்டுக்குள் கரைக்கப்பட்டது. பூமர்களின் செலவுக் காலம் அப்போது முடிந்துகூட இருக்கவில்லை.

சரி, அவர் ஒரு பேச்சாளர், ஆராய்ச்சியாளர்கள் எப்படி? கிரெகரி மான்கிவ்வும் டேவிட் வைலும் 1989-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பூமர்கள் வீடு வாங்கி முடித்துவிட்டார்கள், அடுத்து வரும் தலைமுறை சிறியது, அதனால் அமெரிக்க வீட்டு விலை, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், அடுத்த இருபது வருஷத்தில் பலமாக இறங்கும் என்று. 2007-க்குள் ஏறக்குறைய பாதி என்ற அளவுக்கு அவர்கள் கணக்கு போனது. நடந்தது நமக்குத் தெரியும், 2006-ல் விலை உச்சத்தில் நின்றது. அப்புறம் விழுந்ததே என்பீர்கள். விழுந்தது, ஆனால் அதற்குக் காரணம் திருப்பிக் கட்ட முடியாதவர்களுக்குக் கொடுத்த கடன், குழந்தை பிறப்புக் குறைவு இல்லை.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம். 2011 ஆகஸ்டில் சான்ஃபிரான்சிஸ்கோ ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஜெங் லியு, மார்க் ஸ்பீகல் இருவரும், நாற்பதுகளில் இருப்பவர்களுக்கும் அறுபதுகளில் இருப்பவர்களுக்கும் உள்ள விகிதத்தை எடுத்து, அது பங்குச்சந்தையின் பி.இ. விகிதத்தோடு, அதாவது பங்கு விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கோடு, பல பத்தாண்டுகள் சேர்ந்தே நகர்ந்திருப்பதைக் காட்டினார்கள். வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு கோடுகளும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதை அப்படியே நீட்டினால் 2010-ல் 15 போல இருந்த பி.இ. 2025-ல் 8.4 வரை இறங்கும் என்று வந்தது. அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீடான எஸ் அண்ட் பி 500 அன்றைக்கு 1,200 அருகில் இருந்தது, 2025-ல் 6,000-ஐத் தாண்டியிருந்தது, பி.இ. இருபதுக்கும் மேலே. அந்த வரைபடத்தை நம்பி 14 வருஷம் ஒதுங்கி நின்ற ஒருவரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அவர் கோபப்படவும் முடியாது. நாற்பதுகளும் அறுபதுகளும் சொன்னபடியேதான் நகர்ந்தன.

ஏன் இப்படிக் கோளாறாகிறது? ஐம்பது, அறுபது வருஷத் தரவு என்றால் நிறைய என்று நமக்குத் தோன்றும். ஆனால் தலைமுறை அலை என்பது ஒன்று ஏறி இறங்கவே நாற்பது வருஷம் எடுக்கும். அப்படிப் பார்த்தால் நம்மிடம் இருப்பது ஒன்றரை அலைதான். நாணயத்தை ஒன்றரை தடவை சுண்டிவிட்டுச் சட்டம் எழுதுகிற மாதிரி. பொருளாதார ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் பொடெர்பா இந்தத் தொடர்பை 2001-ல் அலசிப் பார்த்தபோது அது பலவீனமானது என்றுதான் முடிவுக்கு வந்தார். அவர் சுட்டிக்காட்டிய ஒரு விஷயம் முக்கியமானது: ஓய்வு பெற்றவர்கள் பாடப்புத்தகத்தில் இருப்பது போலச் சொத்தை மளமளவென்று விற்றுத் தின்பதில்லை. மெதுவாகத்தான் குறைக்கிறார்கள், வசதியுள்ளவர்கள் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டும் போகிறார்கள். பங்குகளில் பெரும்பகுதி வைத்திருப்பவர்களும் அந்த வசதியுள்ளவர்கள்தானே.

ஜப்பானைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது, யாராவது ஒருவர் கட்டாயம் இழுத்துவிடுவார். அந்த நாட்டின் பங்குச்சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் 38,915-ல் உச்சம் தொட்டது, வேலை செய்யும் வயதினரின் எண்ணிக்கை 1995 வாக்கில் உச்சம் தொட்டது, அப்புறம் இரண்டுமே இறக்கம், ஆக மக்கள்தொகைதான் காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 2008-க்குப் பிறகு சுருங்க ஆரம்பித்தது, அதற்கு அப்புறம்தான் சந்தை 2012 இறுதியிலிருந்து எழுந்து 2024 பிப்ரவரியில் பழைய உச்சத்தைத் தாண்டியது. 1973-ல் 20 லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்த நாட்டில் 2024-ல் ஏழு லட்சம்கூட இல்லை, அதே வருஷம் சந்தை புது உச்சம். 1989-ல் பங்குகளின் விலை லாபத்தைப் போல அறுபது மடங்கு அளவில் இருந்ததை விட்டுவிட்டுப் பிறப்பு விகிதத்தைக் குற்றம் சொல்வது, குடித்துவிட்டு வண்டி ஓட்டி விழுந்தவன் சாலை வளைவைத் திட்டுவது போலத்தான்.

அதே ஜப்பானில் ஓஜி என்ற பெரிய காகிதக் குழுமம் உள்நாட்டில் குழந்தை டயப்பர் தயாரிப்பதை நிறுத்தி, பெரியவர்களுக்கான டயப்பரில் கவனம் செலுத்தப்போவதாக 2024-ல் அறிவித்தது. உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் டயப்பர் விற்கும் இன்னொரு ஜப்பானியக் கம்பெனியான யூனிசார்மின் பங்கு, 2020 வரையான பதினைந்து வருஷத்தில் பல மடங்கு ஏறியிருந்தது, சொந்த நாட்டில் தொட்டில்கள் காலியாகிக்கொண்டிருந்த அதே காலத்தில். ஆசியாவின் மற்ற நாடுகளில் விற்றார்கள், சொந்த நாட்டில் முதியவர்களுக்கு விற்றார்கள். தலைமை அலுவலகம் இருக்கும் நாட்டின் பிறப்புக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு கம்பெனியை எடை போடக்கூடாது, சரக்கு எங்கே போகிறது என்று ஆண்டறிக்கையில் பார்க்க வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் நான் அதைக்கூடப் பார்க்காமல் இரண்டு பங்குகளை ஒதுக்கியிருக்கிறேன்.

இவ்வளவு திட்டியபிறகும் நான் ஷீட்டை அழிக்கவில்லை. காரணம் ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, ஜோஷுவா போலெட் என்ற இருவரின் ஆராய்ச்சி. 2007-ல் வெளியானது. இவர்கள் மொத்தச் சந்தையைத் தொடவே இல்லை, வயதைச் சார்ந்து விற்பனை மாறும் துறைகளை மட்டும் எடுத்தார்கள்: பொம்மை, சைக்கிள், பீர், ஆயுள் காப்பீடு, முதியோர் இல்லம் மாதிரி. குழந்தை பிறந்தால் சில வருஷத்தில் பொம்மை, இன்னும் சில வருஷத்தில் சைக்கிள், இருபதை ஒட்டி பீர், அப்புறம் குடும்பம், காப்பீடு என்று போகிறது வரிசை. இந்தத் தேவை மாற்றங்களில் அடுத்த ஐந்து வருஷத்துக்குள் வரப்போவது பங்கு விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது, ஆனால் ஐந்திலிருந்து பத்து வருஷம் தள்ளி வரப்போவது ஏறவில்லை என்பது அவர்கள் கண்டது. எல்லோருக்கும் தெரிந்த தகவல்தான், ஆனால் முதலீட்டாளர்களின் கண் ஐந்து வருஷத்துக்கு அப்பால் போவதில்லை. நாள் நெருங்கி, அது அந்த ஐந்து வருஷ எல்லைக்குள் நுழையும்போதுதான் விலை நகர்கிறது.

இதைப் படித்தபோது என் முதியோர் குடியிருப்புக் கதை வேறு மாதிரி தெரிந்தது. உண்மையான தேவை பத்து வருஷத்துக்கும் அப்பால் இருந்தது, ஆனால் 'தினமும் பத்தாயிரம் பேர்' என்ற கதை மட்டும் அன்றைக்கே விலையில் ஏறிவிட்டிருந்தது. நான் வாங்கியது கதையை.

அதற்கப்புறம் நான் எனக்கென்று ஒரு வேறுபாட்டை வைத்துக்கொண்டேன். உடம்புக்கு வயதாவது வேறு, மனசுக்கு வயதாவது வேறு. நாற்பதுகளில் கிட்டத்தில் இருப்பது மங்கலாகி, படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படும், அது எந்தத் தலைமுறையானாலும் நடக்கும், 1950-ல் பிறந்தவருக்கும் நடந்தது, 1990-ல் பிறந்தவருக்கும் நடக்கும். கண்புரை, மூட்டுத் தேய்மானம், காது மந்தம் எல்லாம் இந்த வகை. ஆனால் ஆசை, பொழுதுபோக்கு, பழக்கம் எல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை மாறும், அதைப் போய் வயதோடு கட்டினால் அவ்வளவுதான்.

கோல்ஃபைப் பாருங்கள். பூமர்கள் ஓய்வு பெற்றதும் கோல்ஃப் ஆடுவார்கள் என்பது 1980-களின் கடைசியில் வேதவாக்கு, நாளைக்கு ஒரு மைதானம் வீதம் கட்ட வேண்டும் என்று அந்தத் துறையின் அமைப்பே சொல்லியது. கட்டினார்கள். 2006-லிருந்து பல வருஷங்களுக்குத் திறந்த மைதானங்களைவிட மூடிய மைதானங்கள்தான் அதிகம். பிறகு 2020-ல் பெருந்தொற்று வந்து, வெளியே காற்றாட ஏதாவது செய்தால் போதும் என்று மக்கள் கோல்ஃபுக்குத் திரும்பினார்கள், அதுவும் இளைஞர்கள். எந்த ஷீட்டில் இருந்தது அது? ஹார்லி டேவிட்சனும் அப்படித்தான், கொஞ்சம் தலைகீழாக. 2006-ல் உலகம் முழுக்க ஏறக்குறைய 3.5 லட்சம் பைக்குகளை அனுப்பிய கம்பெனி, 2023-ல் இரண்டு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. நடுத்தர வயது வந்தால் ஹார்லி மேல் ஆசை வரும் என்று நினைத்தார்கள். அந்த ஆசை ஒரு குறிப்பிட்ட கூட்டத்தோடு பிறந்து, அந்தக் கூட்டத்தோடு மூப்படைகிற ஆசை. அடுத்து நாற்பதுக்கு வந்தவர்கள் அந்தச் சத்தத்தை அப்பாவின் சத்தம் என்று நினைத்தார்கள் போல.

வயதோடு கட்டியிருக்கும் ஆணியே நகர்ந்துவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் முதல் வீடு வாங்குபவரின் இடைநிலை வயது 1981-ல் 29, 2024-ல் 38. முப்பதில் வீடு, வீட்டுக்கு நாற்காலி, தோட்டத்துக்கு வெட்டுக்கருவி என்று, 1980-களிலும் 90-களிலும் பிறந்த மில்லினியல்களுக்காகக் கணக்குப் போட்டு வைத்தவர்கள் எட்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. பங்கில் எட்டு வருஷம் என்பது ஒரு ஆயுள்.

அப்படியானால் உடம்பு சார்ந்த தேவையை மட்டும் வாங்கினால் போதுமே என்று நானும் நினைத்தேன். அங்கே இன்னொரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், பில் கட்டுகிறவர். பல நாடுகளில் மருத்துவத்துக்குப் பணம் கொடுப்பது அரசாங்கம், நோயாளிகள் கூடக் கூட அரசாங்கத்தின் பர்ஸ் இளைக்கும், இளைத்தால் விலையைத்தான் வெட்டும். ஜப்பானில் மருந்து விலையை அரசே நிர்ணயிக்கிறது, முன்பு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டினார்கள், 2021-லிருந்து வருஷா வருஷம். உலகத்திலேயே முதியவர்கள் அதிகம் உள்ள நாடுகளில் ஒன்றில் மாத்திரை விற்பது தங்கச் சுரங்கம் இல்லை என்றால் நம்புவீர்களா? எண்ணிக்கை ஏறும், விலை இறங்கும், நடுவில் மார்ஜின், அதாவது விற்பனையில் மிஞ்சும் லாபம், நசுங்கும்.

அரசாங்கம் மக்கள்தொகையைப் பார்த்துப் பயந்தால் இன்னும் மோசம். சீனாவில் 2021 ஜூலையில், பள்ளிப் பாடங்களுக்கு ட்யூஷன் நடத்தும் கம்பெனிகள் இனி லாபத்துக்காக நடத்தக்கூடாது என்று விதி வந்தது. பிள்ளை வளர்க்கும் செலவு பெற்றோரை நெரிக்கிறது, அதனால் இன்னொரு குழந்தை வேண்டாம் என்கிறார்கள் என்ற கவலையும் அதற்குப் பின்னால் இருந்தது. நியூயார்க்கில் பட்டியலிடப்பட்டிருந்த ட்யூஷன் பங்குகள் அந்த வருஷ உச்சத்திலிருந்து தொண்ணூறு சதவீதம் அளவுக்குக் காணாமல் போயின. ஒரே பிள்ளை, அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்வார்கள் என்று வாங்கியவர்களின் வாதம் சரியாகவே இருந்தது, அவ்வளவு சரியாக இருந்ததால்தான் அடி விழுந்தது.

நாள் கணக்கில் வாங்கி விற்கும் டிரேடிங்குக்கு இது ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: ஆகாது. அதே சீனா 2015 அக்டோபர் கடைசியில் எல்லோரும் இரண்டு குழந்தை பெறலாம் என்று அறிவித்ததும் பால்மாவுப் பங்குகள் ஒரே நாளில் துள்ளின. அன்றைக்கு வாங்கி மறுநாள் விற்றவர் சம்பாதித்திருக்கலாம், ஆனால் அது செய்தி டிரேடு. 2016-ல் பிறப்பு 1.8 கோடி அளவுக்குப் போனது, அப்புறம் இறங்க ஆரம்பித்து 2023-ல் 90 லட்சத்துக்கு வந்துவிட்டது. குழந்தைகள் வருவார்கள் என்று பங்கைப் பிடித்து வைத்திருந்தவர் பாதிக் குழந்தைகளோடு நின்றார். மக்கள்தொகை நகர்வது வருஷத்துக்கு ஒரு சதவீதம், அரை சதவீதம். விலை இவ்வளவு விழுந்தால் விற்றுவிடு என்று நீங்கள் போட்டு வைக்கும் ஸ்டாப் லாஸ் ஒரே மதியத்தில் ஐந்து சதவீதத்தில் அடிக்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்ப்பது வீண் வேலை.

எனக்கு இப்போது சுவாரஸ்யமாகப் படுவது கொஞ்சம் சுற்றி வளைத்து வரும் விளைவுகள். முதியவர்களுக்கு என்ன விற்கலாம் என்பதை எல்லோரும் யோசிப்பார்கள், வேலைக்கு ஆள் கிடைக்காத முதலாளி என்ன வாங்குவார் என்பதைக் குறைவான பேர்தான் யோசிப்பார்கள். அவர் சென்சார் வாங்குவார், ரோபோ வாங்குவார், ஜப்பானின் கீயென்ஸ் மாதிரிக் கம்பெனிகள் வளர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு. முதலாளிக்கே எழுபது வயதாகி, பிள்ளைகள் தொழிலுக்கு வர மாட்டேன் என்றால்? அவர் தொழிலை விற்க வேண்டும். அந்த விற்பனையைத் தரகு வேலையாகச் செய்ய நிஹோன் எம் அண்ட் ஏ சென்டர் என்று ஒரு கம்பெனியே ஜப்பானில் 2006-ல் பட்டியலிடப்பட்டு, பங்கு எங்கேயோ போனது. 2021-க்குப் பிறகு பலமாக இறங்கவும் செய்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வாரிசு இல்லாத முதலாளிகள் குறைந்ததால் அது இறங்கவில்லை.

இதையெல்லாம் மறைமுகமாக வாங்கலாமே என்று தலைமுறைப் பெயர் வைத்த ஈடிஎஃப்-களையும் (பல பங்குகளை ஒரே கூடையாக விற்கும் ஃபண்டுகள்) திறந்து பார்த்தேன். உள்ளே பாதி எல்லோரும் ஏற்கெனவே வைத்திருக்கும் பெரிய தொழில்நுட்பப் பங்குகள். மூடிவிட்டேன்.

2026-ல் பூமர்களில் மூத்தவர்களுக்கு 80 நிறைகிறது. நான் பதினோரு வருஷம் முன்னால் கணக்குப் போட்டிருக்க வேண்டிய வயது இப்போதுதான் வருகிறது. கூடவே, வட்டி ஏறியதில் புதுக் கட்டுமானமும் கடந்த சில வருஷங்களாக வற்றிப்போனது. ஆட்கள் வருகிறார்கள், அறைகள் கட்டப்படவில்லை, நான் 2015-ல் கனவு கண்ட நிலைமை அப்படியே. ஆனால் இப்படிப்பட்ட குடியிருப்புகளைச் சொந்தமாக வைத்திருக்கும் வெல்டவர் என்ற கம்பெனியின் பங்கு 2023 தொடக்கத்திலிருந்து இரண்டு மடங்குக்கும் மேலே ஏறிவிட்டது. ஷீட்டில் இப்போது வயதுக்குப் பக்கத்தில் மூன்று புது நெடுவரிசைகள் இருக்கின்றன: கட்டுமானத்தில் இருக்கும் அறைகள், பில் கட்டுவது யார், இன்றைய பி.இ. முதல் இரண்டும் பச்சையாக இருக்கின்றன. மூன்றாவதைப் பார்த்துவிட்டு, போன வாரமும் வாங்காமல் ஷீட்டை மூடினேன்.